ஏரித் தண்ணீரில் போட்ட தளம்

எங்கள் குளியலறையைக் கெடுத்தவன் அதைச் சரிசெய்ய வந்தபோது, வாசலில் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெருவிரல் பக்கம் கிழிந்த சாக்ஸோடு உள்ளே வந்தான். "மார்னிங்" என்று சிரித்தான். நேற்றைய மழையைப் பார்த்தீர்களா என்று கேட்டான். நான் காலையில் எழுந்ததிலிருந்து அவனைக் கேட்க வேண்டியதை எல்லாம் ஆங்கிலத்தில் அடுக்கி வைத்திருந்தேன். இவன் லைசென்ஸ் உள்ள பில்டர். டைல்ஸுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூச வேண்டிய பூச்சை அரைகுறையாகப் பூசிவிட்டுப் போனவன். படுக்கையறைச் சுவர் ஊறிப் பொதபொதவென்று ஆகி, அலமாரியில் இருந்த என் கல்யாணப் புடவையில் பூஞ்சை பிடித்துவிட்டது. நான் புகார் கொடுத்த பிறகுதான் இவன் திரும்பி வந்திருக்கிறான். வந்தவன் முகத்தில் கோபமும் இல்லை, கூச்சமும் இல்லை. நியூசிலாந்துக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு இது மட்டும் பழகவில்லை. அடுக்கி வைத்ததை எல்லாம் விட்டுவிட்டு டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். சர்க்கரை தூக்கலாக என்றான்.

அவனுக்கு முன்னால், நான் புகார் கொடுத்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஆய்வாளர் வந்து போயிருந்தார். சுவரில் ஒரு சின்னக் கருவியை வைத்து ஈரம் பார்த்தார், படம் எடுத்தார், பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன அவுட்கம் வேண்டும்?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவன் வெட்கப்பட வேண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்த பில்டரால் எனக்கு ஏதாவது பயம் இருக்கிறதா, அவன் என்னை மிரட்டினானா என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார். இல்லை, எனக்குத்தான் அவனை மிரட்ட வேண்டும்போல் இருக்கிறது என்றேன். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். மறுபடி செய்து தரச் சொல்லலாம், இல்லையென்றால் வேறு ஆளை வைத்துச் செய்து அவனிடம் செலவை வாங்கலாம், வெட்கப்பட வைக்க எங்களிடம் வழி ஒன்றும் இல்லை என்றார். எங்கள் ஊரில் வெட்கப்பட வைக்க ஆயிரம் வழி இருக்கிறது, செய்து தர வைக்கத்தான் வழியில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? நல்லது, செய்து தரச் சொல்லுங்கள் என்றேன்.

இங்கே என் குளியலறை ஒழுகிய அதே வருஷத்தில்தான் அங்கே என் அம்மாவின் வீட்டு மேல்தளம் உதிர ஆரம்பித்தது. பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்தையும் தாண்டிப் படகில் போனால் எங்கள் குப்பம். பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே இருக்கிற அம்மாவுக்குத்தான் இன்னும் ஒரு தொந்தரவு. நைனா, என் அப்பா, போன பிறகு அம்மா ஒற்றை ஆள். காலையில் கரைக்கு வரும் மீனை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு பழவேற்காடு மார்க்கெட்டில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புகிறவள். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துச் சேர்த்ததைக் கொண்டு அவளுக்கு ஒரு மாடி வைக்கக்கூடிய வீடு கட்ட நினைத்தேன். தெரிந்த கொத்தனாரிடம் விடாமல், பொன்னேரியில் ஆபீஸ் வைத்திருந்த லைசென்ஸ் காண்ட்ராக்டரிடம் கொடுத்தேன். பெயர் குமரேசன். லைசென்ஸ் என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் மரியாதையை அங்கேயும் கொடுத்துவிட்டேன்.

ஏரிக்குள் வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். எங்கள் தண்ணீரில் உப்பு. அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதிய கம்பி சிமெண்டை வெளியே தள்ளும். அதனால் காட்டூர்ப் பக்கத்து போர்வெல்லில் எடுத்த நல்ல தண்ணீரை டேங்கரில் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே டிரம்மில் பிடித்து, படகில் ஏற்றி, குப்பத்தில் இறக்கி உருட்டிக்கொண்டு வர வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுத வைத்திருந்தேன். குமரேசன் தவறாமல் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் முன்னால் நீல டிரம்கள் வரிசையாக நிற்கும், பின்னால் சுவர் எழும்பியிருக்கும். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் வீடு எழும்புவதைப் போனில் பார்த்துப் பூரித்துப்போகிறவர்களே, உங்களுக்கும் இப்படிப் படங்கள் வரும். இடைவேளையில் கூட வேலை செய்கிற பெண்களுக்கு எல்லாம் காட்டினேன். பியூட்டிஃபுல் என்றார்கள்.

தளம் போட்ட அன்று டிரம்கள் அப்படியே நின்றன. தளம் என்றால் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டிய வேலை, தண்ணீர் கொட்டக் கொட்டப் போதாது. படகுக்காகக் காத்திருக்காமல் குமரேசன் ஒரு மோட்டாரை வைத்து, ரப்பர் குழாயை ஏரியில் போட்டு, உப்புத் தண்ணீரை நேராகக் கலவை மெஷினுக்கு ஏற்றிவிட்டான். இனி அவனுக்கு என்னிடம் மரியாதை கிடையாது. அம்மா அந்த நேரத்தில் மார்க்கெட்டில் இருந்தாள். ஆனால் குப்பமே அங்கே இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் போனார்கள், வந்தார்கள். என் சித்தப்பா, நைனாவின் கூடப்பிறந்த தம்பி, அதே கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஏனென்றால் அதே குமரேசன் அப்போது ஊர் அம்மன் கோயிலுக்கு முன்மண்டபம் கட்டிக்கொண்டிருந்தான், கூலி வாங்காமல். அந்த மண்டபத்துக்கு மட்டும் நல்ல தண்ணீர் வந்தது. என் அம்மாவின் டிரம்களைத்தான் பிறகு அங்கே உருட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது.

அடுத்தடுத்த மழைக்காலங்களில் சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு ஒரு நாள் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து பார்த்தால் அவள் பாயில் தலைவைத்துப் படுக்கிற இடத்தில் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு சிமெண்ட் பாளம் விழுந்து கிடந்தது. மேலே பார்த்தால் துருப்பிடித்த கம்பி. "நல்லவேள, நான் படுத்துகினு இல்ல" என்று போனில் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அன்று முதல் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, மீன் கூடை வைக்கிற ஓலைக் கொட்டகையில் படுக்க ஆரம்பித்தாள். குமரேசனுக்குப் போன் செய்தேன். உப்புக்காத்துக்கு அப்படித்தான் என்றான். லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊரில் எந்த வழக்கும் முதலில் ஊர்க் கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். போலீஸ், கோர்ட் என்று நேராகப் போகக் கூடாது. கூட்டத்தில் பேசுவதற்குத் தலைக்கட்டாக இருக்க வேண்டும். கல்யாணமான ஆண் ஒருவன் ஒரு தலைக்கட்டு. ஊர் வரி அவன் பெயரில்தான் போடுவார்கள். புருஷன் செத்துப்போன பொம்பளையிடம் வரி கேட்க மாட்டார்கள். அதைக் கருணை என்று சொல்லிக்கொள்வார்கள். வரி இல்லாத வீட்டுக்குக் கூட்டத்தில் வாயும் இல்லை என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் வெளியூரில், ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டவள், அதனால் எனக்கும் அங்கே இடம் இல்லை. என் பணத்தில் கட்டிய வீட்டைப் பற்றிப் பேச சித்தப்பாவின் கையைக் காலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவரும் சரி என்றார்.

கூட்டம் புயல் காப்பகக் கட்டடத்தில் நடந்தது. ஆண்கள் உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குமரேசனுக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. நானும் அம்மாவும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். சித்தப்பா எழுந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்க அண்ணி ஊடு கொஞ்சம் உதிருதுனு சொல்லுது. காண்ட்ராக்டரு பாத்து பூசிக் குடுத்தா நல்லாருக்கும்" என்றார். அவ்வளவுதான். ஏரித் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தெருமுனைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "ஏரித் தண்ணிய உட்டு கலக்கினான். நீங்கல்லாம் பாத்துகினுதான நின்னீங்க? எங்க அம்மா தலமேல விழுந்திருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?" என்று சன்னல் வழியாகக் கத்தினேன். உள்ளே யாரும் திரும்பவில்லை. ஊர்ப் பெரியவர் மட்டும் தரையைப் பார்த்தபடியே, "கட்டிக் குடுத்த பொண்ணு கூட்டத்துல பேசுற வயக்கம் இல்லம்மா. உங்க ஊட்டுக்குத் தலக்கட்டு யாரு?" என்றார்.

அம்மா என் தோளை அழுத்தி நகர்த்திவிட்டுச் சன்னலுக்கு நேராக வந்தாள். "எனக்கும் வரி போடுங்க. நான் கட்றேன். நான்தான் தலக்கட்டு" என்றாள்.

சிலர் சிரித்தார்கள். கேலிச் சிரிப்புக்கூட இல்லை, குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "உன்னாண்ட வரி வாங்கினா ஊருக்குப் பாவம்மா" என்றார் பெரியவர். குமரேசன் நாற்காலியில் சாய்ந்தபடி, "தங்கச்சி ஃபாரின்ல கீது. அங்கத்தி மாதிரியே இங்கயும் எதிர்பாக்குது. நம்ம ஊரு உப்பு அதுக்கு மறந்துபோச்சி" என்றான். தீர்ப்பு வந்தது. காண்ட்ராக்டர் உதிர்ந்த இடத்தைப் பூசி வெள்ளையடித்துத் தர வேண்டும். அத்தோடு பிரச்சினை முடிந்தது. வெளியே எங்கும் போகக் கூடாது. துருப்பிடித்த கம்பிக்கு மேலே புதுப் பூச்சு என்றால் அது விழப்போகும் நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். உள்ளே இருந்த அத்தனை ஆண்களுக்கும் அது தெரியும்.

நான் மறுநாளே பொன்னேரிக்குப் போய் வக்கீலைப் பார்த்து, அம்மாவைக் கையெழுத்துப் போட வைத்து, நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன். அம்மா யோசிக்காமல் போட்டாள். அதற்கு என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஊர்க் கட்டுப்பாடு போட்டார்கள். அம்மாவோடு யாரும் பேசக் கூடாது. அவளுக்குக் கரையில் மீன் கொடுக்கக் கூடாது. அவளைப் படகில் ஏற்றக் கூடாது. ஒரு பிணம் விழுந்தால் ஊரே திரண்டு தூக்கும் குப்பம் அது. புயல் அன்று யார் படகு திரும்பவில்லை என்று வீடு வீடாக எண்ணிப் பார்ப்பவர்கள் அவர்கள். அதே ஆட்கள்தான் என் அம்மா தெருவில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நல்லவர்கள் சேர்ந்து செய்கிற கொடுமைக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? கெட்டவன் என்றால் குமரேசன் ஒருத்தன்தான். அவனைக்கூட என்னால் ஒரு கணக்கில் வைக்க முடிகிறது, இவர்களை முடியவில்லை.

மீன் கிடைக்காததால் அம்மா முட்டியளவுத் தண்ணீரில் மண்டிபோட்டு, கையால் தடவித் தடவி இறால் பிடித்தாள். கழுத்தில் கட்டிய பையில் போட்டுக்கொண்டு ஏரியிலேயே நடந்து பழவேற்காட்டுக்குப் போய் விற்றாள். நான் அனுப்பும் பணம் பாங்கில் கிடந்தது. "சோத்துக்கு இன்னாடி குறச்சல்" என்பாள். அவள் வாய்விட்டு வருத்தப்பட்டது ஒன்றுக்குத்தான். "சண்டகூடப் போட மாட்றாங்கடி. கொழாயாண்ட கொடத்த முன்னால வெச்சிட்டேன், நான் வேணும்னுதான் வெச்சேன். ஒருத்தியும் ஒரு வார்த்த கேக்கல" என்றாள். சித்தப்பா பெண்டாட்டி செல்வியோடு அம்மாவுக்குத் தினமும் ஒரு சண்டை இருக்கும். கோழி வந்தது, குப்பை கொட்டியது என்று கத்திக்கொள்வார்கள், சாயங்காலம் ஒருத்தி தலையில் இன்னொருத்தி பேன் பார்ப்பார்கள். அந்தச் செல்விகூட இப்போது எதிரே வந்தால் சந்தில் திரும்பிவிடுகிறாளாம்.

அந்த நாட்களில் ஒரு முறை இங்கே சூப்பர் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பழைய பில்டர் தூரத்திலிருந்து கையை ஆட்டினான். பக்கத்தில் வந்து சுவர் காய்ந்ததா என்று கேட்டான், தன் மகளை அறிமுகப்படுத்தினான். நான் அவன்மேல் புகார் கொடுத்தவள். எங்கள் ஊராக இருந்தால் எங்கள் பேரப்பிள்ளைகள்வரை பேச்சு இருக்காது. இந்த நாட்டில் புகார் என்பது குழாயைத் திருப்புவதுபோல ஒரு காரியம், திருப்பினால் தண்ணீர் வரும், அவ்வளவுதான், மனிதர்கள் அதற்குள் வருவதே இல்லை. அன்று எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். என் அம்மா ஒரு வார்த்தைக்கு ஏங்கிக்கொண்டிருக்கிறாள், இவன் எனக்கு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்று சும்மாவே சிரிக்கிறான். பதிலுக்கு நானும் சிரித்து வைத்தேன்.

அம்மாவைக் கேட்டேன், வழக்கை வாபஸ் வாங்கிவிடட்டுமா என்று. "எடுக்காத. ஊரு போனது போச்சி. இப்ப எடுத்தா ஊடும் போச்சி" என்றாள். அப்படியானால் இங்கே வந்துவிடு என்றேன். "வந்து? உன் ஊட்ல கதவ சாத்திகினு உக்காரணும். அதுக்கு இங்கயே யாரும் பேசாத ஊர்ல கெடந்துட்டுப் போறேன்" என்றாள்.

கோடையில் நீதிமன்றம் ஒரு இன்ஜினியரை நியமித்து வீட்டைப் பார்த்து வரச் சொன்னது. அவர் பழவேற்காடு கரையில் வந்து நின்றார். படகு இல்லை என்றார்கள் எங்கள் குப்பத்து ஆட்கள். கரை நிறையப் படகு நிற்கிறது, அத்தனையும் ஓட்டை என்றார்கள். அம்மா இறால் பையோடு அங்கே இருந்தாள். ஏரி வற்றியிருந்தது. "நடந்து வர்றீங்களா சார், முட்டிக்கு மேல வராது" என்று கேட்டாளாம். "பாவம்டி அந்த ஆளு. பேன்ட்ட சுருட்டிகினு, பூட்ஸ கழுத்துல மாட்டிகினு, என் பின்னாலயே வந்தாரு. நடுவுல நின்னு, எவ்ளோ பெரிய ஏரிம்மானு சொன்னாரு" என்று அன்று அம்மா சொன்னாள். அவளோடு அத்தனை தூரம் யாரோ ஒருவர் பேசிக்கொண்டே வந்திருக்கிறார் என்பதுதான் அவள் குரலில் கேட்டது. அவர் தளத்தைத் துளைத்துக் கட்டி கட்டியாக எடுத்துப் போய்ச் சோதித்ததில் உப்பு தெரிந்தது. தீர்ப்பு வரும்வரைகூடக் குமரேசன் காத்திருக்கவில்லை. லைசென்ஸ் போய்விடும் என்று தெரிந்ததும் அவனே வக்கீலை அனுப்பி, தளத்தை உடைத்துத் தன் செலவில் புதிதாகப் போட்டுத் தருவதாக எழுதிக்கொடுத்தான்.

உடைத்தான். போட்டான். நல்ல தண்ணீரில், வக்கீல் அனுப்பிய ஆள் பக்கத்திலேயே நிற்க, போட்டான். ஜெயித்துவிட்டேன் என்று இங்கே இருக்கும் சிநேகிதிகள் எல்லாம் கட்டிப்பிடித்தார்கள். என் கணவர் கேக் வாங்கி வந்தார். நான் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்க் கட்டுப்பாட்டை எடுக்க, அம்மா கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு, வெளியே போனது தப்பு என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நானும் சொல்லு என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். தப்பு செய்தவன் பொன்னேரியில் புது மோட்டார்சைக்கிளில் போகிறான், ஊர்த் திருவிழாவுக்கு அவனுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். என் அம்மா எதற்கு விழ வேண்டும்?

தளம் ஆறி, முட்டுகளைப் பிரித்து எடுத்த அன்று அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். எனக்கு இங்கே வேலை முடிந்த சாயங்காலம், அவளுக்கு வெயில் நேரம். படியேறிப் புதுத் தளத்தின்மேல் நின்றுகொண்டு போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கெட்டியாகச் சாம்பல் நிறத்தில் தளம், அதற்கப்பால் ஓட்டு வீடுகள், காய்ந்த வலைகள், கோயில் மண்டபம், ஏரி. அடையாளம் தெரிந்த ஒவ்வொரு வீட்டையும் நான் பெயர் சொன்னேன், அவள் ஆமாம் ஆமாம் என்றாள். "விழாதுடி இனிமே. எரும ஏறி மிதிச்சாக்கூட விழாது" என்று காலால் தட்டிக் காட்டினாள். பிறகு, எனக்குச் சொல்வதா தனக்குச் சொல்லிக்கொள்வதா என்று தெரியாத குரலில், "விழுந்தாதான் இப்ப யாரும் ஓடி வர மாட்டாங்க" என்றாள்.

அப்போது கீழே தெருவில் செல்வி தண்ணீர்க் குடத்தோடு போனாள். திரையின் ஓரத்தில் எனக்கே தெரிந்தது. அம்மா போனைக் கீழே இறக்காமல், கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பாத விளிம்பு வரைக்கும் போய், "செல்வி, ஏறி வாடி, இங்க காத்து நல்லா வருது" என்று கூப்பிட்டாள். செல்வி நடையைக்கூட மாற்றவில்லை. அம்மா இன்னொரு முறை கூப்பிட்டாள். குடம் சந்தில் திரும்பி மறைந்தது.

"எதிர்க்காத்துடி" என்றாள் அம்மா. "அவளுக்குக் கேட்டிருக்காது."

எனக்குக் கேட்டது.